கதவில் ஒட்டியிருந்த முகம்

அத்தியாயம் 14

போன வாரம் நெவேனாவை ஒரு விடுதி அறையில், கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக விட்டுவிட்டு வந்தோம். அந்தப் பையின் உள்ஜிப்பில் நாலாக மடித்த துண்டுத்தாள் ஒன்று. அதில் புடாபெஸ்ட் நகரத்து முடிதிருத்தும் கடை ஒன்றின் முகவரி.

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் லோம் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷமாகக் கரண்டி பிடிக்கிற நெவேனா, புருஷன் வெல்கோவிடம் சொன்னது வேறு. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம், மூன்று நாள் பேருந்துப் பயணம், பேன்காவும் கூட வருகிறாள் என்றுதான் சொல்லியிருந்தாள். வெல்கோ, மிளகாய்த் துவையல் எந்த ஜாடியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

அவள் தம்பி லூபெனைத் தேடிப் போகிறாள் என்பது பேன்காவுக்கு மட்டும்தான் தெரியும். அக்காவும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. போன மாதம் புடாபெஸ்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ரொட்டிக்கடைக்காரர் மகள், தனக்கு முடி வெட்டினவர் லோம்காரராம், நெவேனாவின் ஜாடை அப்படியே இருக்கிறது என்று சொல்லி இந்த முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

இன்றைக்குக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேருந்து கிளம்பிவிடும்.

காலையில் வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் நிறையச் சொன்னாள். ஐந்து மணிக்கு அருங்காட்சியகத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், அடையாள அட்டை பத்திரம், அப்புறம் இந்த ஊர்க்காரர்களிடம் பழகும்போது மனசில் வைத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று. அந்த நேரம் பார்த்துப் பேன்கா கடைசி வரிசையில் பாலாடைக்கட்டி அடையைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஐந்து மணி மட்டும்தான் காதில் விழுந்தது.

பேன்கா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நெவேனாவுக்கு ஒரே பெஞ்சு. பயணத்துக்கென்று வீட்டிலேயே தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டாள். அது விளக்கி வைத்த செப்புப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் இதுதான் இப்போது நாகரிகம் என்று சொல்லிவிட்டாள்.

பத்து மணிக்கே கடைக்குப் போய்விடுவது என்றுதான் திட்டம். ஆனால் ஒன்பதே முக்காலுக்கு நெவேனாவுக்குக் குன்று மேல் இருக்கும் மாதா கோயிலைப் பார்க்க ஆசை வந்தது. கூரையின் வண்ண ஓடுகளை அண்ணாந்து பார்த்தபடி அதை இரண்டு சுற்று வந்தாள். பிறகு குதிரை மேல் உட்கார்ந்திருந்த ஒரு ராஜாவின் சிலைக்குக் கீழே நின்று, பீடத்தில் வெட்டியிருந்த எழுத்தையெல்லாம் பார்த்தாள். ஒரு சொல்லும் புரியாத மொழி அது.

பேன்கா சிலையோடு சேர்த்து அவளை நாலு படம் எடுத்தாள். ஐந்தாவது படத்துக்குக் கைபேசியைக் கீழே இறக்கினாள்.

"ஏண்டி, நம்ம ஊர் சதுக்கத்துல ஒரு சிலை நிக்குதே, அது யாரு?"

தெரியாது என்றாள் நெவேனா.

"அம்பத்தேழு வருஷமா அதைத் தாண்டித்தான் ரொட்டி வாங்கப் போற. இந்தக் குதிரைக்காரன் மேல மட்டும் என்ன திடீர்ப் பாசம்?"

நெவேனா சிலையை விட்டு நகர்ந்தாள். ஆற்றோரம் போகிற டிராமில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். போனார்கள். திரும்பியும் வந்தார்கள். பாலத்து முனையில் படுத்திருக்கும் கல் சிங்கங்களைப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துச் சிங்கங்களைப் பார்த்ததும் அடுத்த பக்கத்துச் சிங்கங்களையும் பார்க்க வேண்டும் என்றாள். பேன்காவின் கைபேசி சார்ஜ் தீர்ந்து அணைந்தே போனது.

பாலத்தின் நடுவில் வைத்துத்தான் உண்மை வெளியே வந்தது.

"பயமா இருக்குடி. என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திட்டான்னா?"

"சாத்தினா சாத்திட்டுப் போறான். சாத்தின கதவையாவது பாத்துட்டு வருவோம். இல்லேன்னா அந்தத் துண்டுத்தாளைத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டு இன்னும் ஒம்போது வருஷம் படுத்திருப்ப."

கீழே டான்யூப் போய்க்கொண்டிருந்தது. இதே தண்ணீர்தான் சில நாள் கழித்து லோம் படித்துறையைத் தொடும். நெவேனா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சரி வா என்றாள்.

*

சண்டை ஒரு தாளில் ஆரம்பித்தது.

லோமில் ஒருவர் செத்தால் முதலில் அச்சகத்துக்குத்தான் ஆள் போகும். ஒரு தாள். மேலே இறந்தவரின் முகம், பெரிய எழுத்தில் பெயர், தேதி. கீழே துயரப்படுகிறவர்களின் பெயர்கள். வீட்டுக் கதவில், பேருந்து நிறுத்தத்தில், மின்கம்பத்தில், மரத்தில் எல்லாம் ஒட்டுவார்கள். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுத்தான் போவார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது, அச்சகத்துக்குப் பெயர்ப் பட்டியல் கொடுத்தவள் நெவேனா. கணவர், மகள், மகன், மருமகன். மருமகள் இல்லை. லூபெனின் மனைவி ஆக்னெஷ் வேறு தேசத்துக்காரி. கோயிலில் வைத்து நடந்த கல்யாணமும் இல்லை. அப்பாவுக்கு அவளைப் பிடிக்காது. நெவேனாவுக்கும் அப்போது பிடிக்கவில்லை.

இரவெல்லாம் பயணம் செய்து வந்த லூபென், மனைவியோடு வீட்டு வாசலில் நின்று, கதவில் ஒட்டியிருந்த தாளை அவளுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினான். வெல்கோவின் பெயர் இருந்தது. ஆக்னெஷ் பெயர் இல்லை. ஏன்க்கா என்று கேட்டான்.

தாளில் இடம் இல்லை என்றாள் நெவேனா.

அடக்கம் முடிந்தது. துக்கச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். அதற்குப் பிறகு அவனுடைய பழைய எண்ணில் யாரும் எடுக்கவில்லை. அம்மாவின் சாப்பாட்டு மேஜையில் உட்காராமல் போனவன் என்று அப்பா அவன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

*

தெருவைக் கண்டுபிடித்தபோது பன்னிரண்டரை மணி. நெவேனாவின் தோளில் தொங்கிய பை காலையிலிருந்து கனத்துக்கொண்டே வந்தது. அதில் இரண்டு ஜாடி மிளகாய்த் துவையல் இருந்தது. லூபென் சின்ன வயசில் அதை ரொட்டியில் தடவிக்கூடத் தின்ன மாட்டான், கரண்டியால்தான் தின்பான்.

பதினான்காம் எண். குறுகலான கடை. கண்ணாடிக்கு உள்பக்கம் பழுப்புத்தாள் ஒட்டி மறைத்திருந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள்.

கதவில் ஒரு தாள்.

மேலே கறுப்பு வெள்ளையில் லூபெனின் முகம். சிரிக்காத முகம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் அவன் பெயர். அதற்குக் கீழே மார்ச் இருபத்தொன்பது. பிறகு புரியாத மொழியில் நாலைந்து வரிகள், நடுவாக அடுக்கி.

பேன்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் லோமில் பிறந்து வளர்ந்தவர்கள். கதவில் ஒட்டிய முகத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இது மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அந்த நாளில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நெவேனா யோசித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பீன்ஸ் சூப். அதுகூட நினைவுக்கு வந்தது.

பக்கத்துப் பழக்கடையில் ஓர் அம்மா ஆப்பிள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பேன்கா அவளிடம் போய், தாளில் இருந்த முகத்தைக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். திறந்து, அப்படியா என்று பார்வையால் கேட்டாள்.

பழக்கடை அம்மா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். லோம்காரர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆமாம்.

அப்புறம் அந்த அம்மா நீளமாக ஏதோ பேசி, தெருவின் கோடியைக் கைகாட்டினாள்.

"கல்லறை அந்தப் பக்கம் போல" என்றாள் பேன்கா, குரல் இறங்கி.

நெவேனா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் தாளின் மேல் விரலை வைத்து, வரி வரியாக நகர்த்திக்கொண்டிருந்தாள். மொழி தெரியாவிட்டாலும் தன் பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடையாள அட்டையில் இருக்கிறது. விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது. அங்கே ஆக்னெஷ் என்று ஒரே ஒரு பெயர்.

"அவ இருக்கா. நான் இல்ல."

பேன்கா, வா போகலாம் என்று இழுத்தாள்.

"இடம் நெறைய இருக்கு பாரு" என்றாள் நெவேனா. "கீழ பாதித் தாள் வெறுமையாக் கெடக்கு."

*

ஆற்றங்கரைக் கல்படியில் அவளை உட்கார வைத்துவிட்டு, பேன்கா ஒரு குப்பியில் தண்ணீர் வாங்கி வந்தாள். எதிர்க்கரையில் காலையில் இரண்டு சுற்று வந்த கோயிலின் கூரை வெயிலில் மின்னியது. நெவேனா அழவில்லை. காலையில் பார்த்த சிங்கங்கள் மொத்தம் எத்தனை என்று கேட்டாள். நாலு என்றாள் பேன்கா. பத்து மணிக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். ஒன்றும் ஆகியிருக்காது, மூன்று வாரம் முந்தியே எல்லாம் முடிந்துவிட்டது என்றாள் பேன்கா.

பிறகு நெவேனா தன் கைபேசியை எடுத்து வெல்கோவைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். எதற்காக இந்த ஊருக்கு வந்தாள் என்பதையும் சேர்த்து.



"அவனைப் பாக்கத்தான் போறேன்னு எனக்குத் தெரியும்" என்றான் வெல்கோ. "நீ கெளம்புறதுக்கு மொத நாளே ரெண்டு ஜாடி கொறைஞ்சுது. அதான் துவையல் எங்கன்னு கேட்டேன். நீயா சொல்வேன்னு பாத்தேன்."

அப்போதுதான் நெவேனாவுக்கு அழுகை வந்தது. வெல்கோ மறுமுனையில் காத்திருந்தான். அழுது முடித்ததும் அவள் சொன்ன விஷயம் இது. இன்றைக்கே அச்சகத்துக்குப் போக வேண்டும். பழைய ஆல்பத்தில் லூபென் கெளுத்தி மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் இருக்கும், மீனை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் ஊருக்கே தெரியாமல் கிடந்துவிட்டான், இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அப்பாவின் தெருவில் மட்டும் ஒட்ட வேண்டாம். அவரிடம் அவளே வந்து சொல்லிக்கொள்வாள்.

"கீழ பேரு?" என்று கேட்டான் வெல்கோ.

"மொதல்ல மனைவி ஆக்னெஷ். அப்புறம் அப்பா. அப்புறம் நாம."

அரை மணி நேரத்தில் அவன் அச்சகத்திலிருந்து கூப்பிட்டான். வழக்கமாகப் போடுகிற நாலு வரிக் கவிதையைப் போட்டால் அத்தனை பெயருக்கும் இடம் பத்தாதாம்.

"கவிதையை எடுத்துரு" என்றாள் நெவேனா. "அப்பவும் பத்தலேன்னா என் பேரை எடுத்துரு. அவ பேரு இருக்கணும்."

*

டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடை. நெவேனா சிவப்புக் கார்னேஷன் பூக்களைக் காட்டி நாலு விரல் நீட்டினாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒற்றைப்படையில் கொடுப்பார்கள், இறந்தவர்களுக்கு இரட்டைப்படை. இந்த ஊரிலும் அதே வழக்கம்தான் போலிருக்கிறது. நாலு விரலைப் பார்த்ததும் பூக்காரி சிரிப்பை நிறுத்திவிட்டு, கறுப்பு நாடாவை எடுத்துக் கட்டினாள்.

கல்லறையைத் தேட நேரம் இல்லை. பூவைக் கடை வாசலில் வைத்துவிட்டுப் பேருந்துக்குப் போய்விடலாம் என்று பேன்கா சொன்னாள்.

மறுபடியும் பதினான்காம் எண்ணுக்கு வந்தபோது நாலு மணி ஆகப்போகிற நேரம். தாளுக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காதை மூடி வளர்ந்த நரைமுடி. தாளைப் படித்தார். தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார்.

பேன்காவுக்கு வந்த கோபத்தில் முகம் தலைமுடியின் நிறத்துக்கே போய்விட்டது. செத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறாயே, உனக்கு அக்கா தம்பி இல்லையா என்று லோம் பாஷையில் பிடிபிடியென்று பிடித்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தாளின் நடுவில் இருந்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். தன் முடியைப் பிடித்துக் காட்டி, இரண்டு விரலைக் கத்தரி மாதிரி அசைத்தார். பிறகு பேன்காவின் தலையை ஒரு தரம் உற்றுப் பார்த்தவர், இவளுடைய அவசரம் தன்னுடையதைவிடப் பெரிசு என்று நினைத்திருக்க வேண்டும். தெருவின் கோடியைக் காட்டி, வாருங்கள் என்று கையசைத்துவிட்டு முன்னால் நடந்தார்.

பழக்கடை அம்மா கைகாட்டிய அதே திசை.

"கல்லறைக்கு எதுக்குடி முடி வெட்டிக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டாள் பேன்கா. கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நெவேனா நடக்க ஆரம்பித்தாள். பையில் ஜாடிகள் இரண்டும் ஒன்றோடொன்று இடித்தன. கடைசியில் ஓடியே போனாள்.

இரண்டு தெரு தள்ளி, மூலையில், புது வண்ணம் அடித்த கடை. பெரிய கண்ணாடி. உள்ளே நாற்காலியில் ஒருவர் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருக்க, பின்னால் ஒருவன் முதுகு காட்டி நின்று வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலில் மட்டும் பாரத்தைப் போட்டு, இன்னொரு காலை மடக்கி. அம்மா மாவு பிசையும்போது அப்படித்தான் நிற்பாள்.

நெவேனா கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டாள். உள்ளே போக முடியவில்லை. போக வேண்டிய அவசரமும் தெரியவில்லை. அவன் தோள் அசைவதை, கத்தரி திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மத்தியானத்திலிருந்து அடைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்து, கண்ணாடியில் வட்டமாகப் படிந்தது.

நரைமுடிக்காரர் கதவைத் திறந்தார். மணி ஒலித்தது. லூபென் திரும்பினான்.

 பேன்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கியாடா. உனக்குத்தான் பூ வாங்கிட்டு வந்தோம்."

லூபென் அக்காவைப் பார்த்தான். பேன்காவைப் பார்த்தான். கறுப்பு நாடா கட்டிய பூவைப் பார்த்து, எண்ணினான். அவனும் லோம்காரன்.

"நான் செத்துட்டேன்னு யாருக்கா சொன்னது?"

"உன் கடைக் கதவுதான்" என்றாள் நெவேனா. காத்திருப்பவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. லூபென் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். துண்டு குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பேன்காவால் சொல்ல முடியவில்லை.

கடையை இங்கே மாற்றிவிட்டோம், இருபத்தொன்பதாம் தேதியிலிருந்து இந்த முகவரிக்கு வாருங்கள். அவ்வளவுதான் தாளில் இருந்தது. எழுதிக் கீழே பெயர் போட்டது ஆக்னெஷ். இத்தனை வருஷம் ஆகியும் லூபெனுக்கு இந்த ஊர் மொழியைப் பிழையில்லாமல் எழுத வராது.

"போட்டோ எதுக்குடா?" என்றாள் பேன்கா. "லோம்ல பொறந்தவன் உசுரோட இருக்கும்போதே மூஞ்சியைக் கதவுல ஒட்டுவானா?"

"என் பேரு இந்த ஊர்க்காரங்க வாயில நுழையாது. மூஞ்சியைத்தான் தெரியும். ஒட்டும்போது எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆக்னெஷ்கிட்ட சொன்னா சிரிப்பா."

"அந்தப் பழக்கடைக்காரி ஆமான்னு தலையாட்டினாளே."

எப்படி ஆட்டினாள் என்று லூபென் கேட்டான். பேன்கா ஆட்டிக் காட்டினாள். இங்கே அதற்கு இல்லை என்று அர்த்தம், தலையாட்டுவது மட்டும் நமக்கு நேர்மாறு என்றான் அவன். பேன்கா வாயைத் திறந்தாள். காலையில் வழிகாட்டிப் பெண் சொன்ன முக்கியமான விஷயம் எதுவாக இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. பாலாடைக்கட்டி அடையைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

உள்ளறையிலிருந்து ஈரக் கையோடு ஒரு பெண் வந்தாள். நரை கலந்த முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். நெவேனாவைப் பார்த்ததும் வந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். ஆக்னெஷ்.

சொல்ல வேண்டியதையெல்லாம் நெவேனா பேருந்தில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஒரு சொல் நினைவில் இல்லை. பையைத் திறந்து இரண்டு ஜாடியையும் மேஜையில் வைத்தாள். அந்த நேரம் அவள் கைபேசி சத்தம் போட்டது. வெல்கோ ஒரு படம் அனுப்பியிருந்தான்.

அச்சடிக்கச் சொன்னது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. உடனே அவனைக் கூப்பிட்டாள்.

வெல்கோ பெருமையாக இருந்தான். நாற்பது தாளும் ஒட்டியாகிவிட்டது. பேருந்து நிறுத்தம், சந்தை, படித்துறை எல்லாம் முடிந்தது. எதையும் நாளைக்கு என்று தள்ளுகிறவன் என்று இனி யாரும் அவனைச் சொல்ல முடியாது.

"வெல்கோ" என்றாள் நெவேனா. "அவன் உசுரோட இருக்கான். என் முன்னாடி நிக்கிறான்."



"நாப்பதையும் நான்தான் கிழிக்கணுமா?" என்று கேட்டான் வெல்கோ.

லூபென் கையை நீட்டி அக்காவின் கைபேசியை வாங்கினான். படத்தில் அவனுடைய அஞ்சலித்தாள். இருபத்தாறு வயசு முகம். ஓரத்தில் வெட்டியும் போகாமல் கெளுத்தி மீனின் ஒரு மீசை. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கண் கீழே இறங்கியது. சிரிப்பு நின்றது.

ஆக்னெஷ் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்துகள் தெரியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வாசலில் படித்துக் காட்டின மாதிரியே, லூபென் ஒவ்வொரு வரியாக அவளுக்குப் படித்துச் சொன்னான். பெயர்கள் இருந்த வரிக்கு வந்ததும் அவள் ஏதோ கேட்டாள். அவன் மறுபடியும் படித்தான். எது என் பெயர் என்று கேட்டிருப்பாள் போல. அவன் காட்டினான். அவள் ஈர விரலால் தொட்டாள். படம் பெரிதாகி, திரை முழுக்க அவள் பெயர் மட்டும் நின்றது.

"எடம் அப்பவும் இருந்துச்சு, லூபென்" என்றாள் நெவேனா. "நான்தான் இல்லேன்னு சொன்னேன். அவகிட்ட சொல்லு."

அவன் சொன்னான். ஆக்னெஷ் கேட்டுக்கொண்டாள்.  பேன்காவின் கையிலிருந்த பூவுக்காகத் தன் கையை நீட்டினாள்.

"இரு இரு" என்று நெவேனா எழுந்தாள். கறுப்பு நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு பூவை உருவிப் பேன்காவிடம் கொடுத்துவிட்டு, மூன்றை மட்டும் ஆக்னெஷிடம் நீட்டினாள். ஆக்னெஷ் அதைப் பார்த்தாள், பேன்காவின் கையிலிருந்த ஒன்றைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு முழுக்கதையும் புரிந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே நெவேனாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சோப்பு வாசனை அடித்தது.

நாற்காலியில் பாதித் தலையோடு இருந்தவர் மெல்ல இருமினார். லூபென் கத்தரியைத் தேடினான்.

கைபேசி மறுபடியும் அடித்தது. வெல்கோவாக இருக்கும் என்று நெவேனா எடுத்துப் பார்த்தாள். திரையில் இருந்த பெயர் வேறு.

அப்பா.

அவர் தெருவில் ஒட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஆனால் சாயங்காலம் ஆனால் அவர் ஆற்றுப் பக்கம் நடக்கப் போவார். பேருந்து நிறுத்தத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இன்றைக்கு யார், கீழே யார் யார் பெயர் என்று கடைசி வரை படிக்காமல் தாண்ட மாட்டார்.

நெவேனா கைபேசியைத் தம்பி பக்கம் திருப்பினாள். லூபென் திரையைப் பார்த்தான். மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, அவளிடமிருந்து அதை வாங்கிக் காதில் வைத்தான்.

"அப்பா. நான் லூபென்."

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபட்டது. யாரோ மெதுவாக உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்குவது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. பேன்கா பூவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் நாலரை.

லூபெனிடம் கிழவர் எதுவும் கேட்கவில்லை. நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"போனை உன் பொண்டாட்டிகிட்ட குடு" என்றார்.